அடைமழைக்கும் மார்கழிக் குளிருக்கும் வீட்டைத் தயார் செய்தல்: வேலூர் வட்டார வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெயிலை நினைத்தே கட்டுகிறோம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மழை என்பது வராதா என்று ஏங்க வேண்டிய ஒன்றாகத் தெரியுமே தவிர, வீட்டுக்குக் கேடு செய்யக்கூடிய ஒன்றாகச் சட்டென்று தோன்றாது. ஆனால் 1903 நவம்பரில், மேற்கே மைசூர்ப் பகுதியில் ஏரிக்கரைகள் உடைந்து வந்த பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சீரழித்தது. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கௌண்டின்ய ஆறு குடியாத்தத்தின் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. அதே மாதம் 19ஆம் தேதி பேர்ணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அவர்களை ஆறு அடித்துக்கொண்டு போகவில்லை. வீட்டுக்குள் இருந்தபோதுதான் இறந்தார்கள். இந்த வழிகாட்டியை எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டியது அந்தச் செய்திதான்.

மழைக்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே எண்ணத்தைச் சுற்றி வருவது. தண்ணீர் வெளியேற வழி வைக்க வேண்டும்; உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்த பிறகே எதையும் மூட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்த வீடுகள் செலவு செய்தும் ஒழுகுகின்றன.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. எனவே ஆவணியில் பார்வையிட்டு, புரட்டாசியில் பழுது பார்த்து, ஐப்பசி பிறக்கும்போது பூச்சு வேலை, பூசிய இடத்தைத் தண்ணீர் ஊற்றி ஆற்றும் வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் கொத்தனாரைத் தேடிப் போனால் அவர் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் ஈரத் தளத்தின் மேல் பூசிவிட்டுப் போவார்.

ஆவணி மழையில் வீட்டைச் சுற்றி வருதல்

நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. ஆவணி, புரட்டாசி மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் மேற்கிலிருந்து கருத்து வந்து, ஒரு மணி நேரம் இடியோடு கொட்டிவிட்டுப் போகும் மழை நமக்கு உண்டு. அடைமழைக்கு முன்னால் கிடைக்கும் சோதனை மழை என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் கையில் ஒரு பென்சிலும் டார்ச் விளக்குமாக வீடு முழுவதும் சுற்றி வாருங்கள். சுவரிலோ மேல்தளத்தின் அடியிலோ ஈரம் தெரிந்தால், அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியைக் குறியுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி ஈரம் பரவியிருக்கிறதா, அங்கேயே நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டு மூன்று மழையில் வீட்டின் கசிவு வரைபடம் ஒன்று சுவர்களிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஈரம் நான்கு வழியாக வரும். மழை பெய்த சில மணி நேரத்தில் மேல்தளத்தின் அடியில் தோன்றி, ஓரிரு நாளில் மங்குவது மாடியிலிருந்து இறங்குகிற ஈரம். வடக்கு அல்லது கிழக்குச் சுவரின் உட்பக்கத்தில், சன்னலின் மேல் மூலையிலோ சன்ஷேடு சுவரோடு சேரும் கோட்டிலோ தெரிவது, காற்றோடு அடித்த சாரல் வெளிப்பூச்சின் விரிசல் வழியே உள்ளே வந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே அளவில் இருப்பது குழாய்க் கசிவு. பெரும்பாலும் அதன் மறுபக்கத்தில் குளியலறையோ மாடித் தொட்டியின் குழாயோ இருக்கும். நான்காவது தரையிலிருந்து ஏறும் ஓதம். இது முழங்கால் உயரம், சில வீடுகளில் இடுப்புயரம் வரை பட்டையாக ஏறி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, கையால் தடவினால் பூச்சு மாவாக உதிரும். இந்த நான்கையும் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கக் கூடாது; ஓதம் ஏறிய சுவருக்காக மாடியில் பூச்சு பூசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தளத்தின் அடியில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. தண்ணீர் மேலே ஒரு விரிசலில் இறங்கி, கம்பியை ஒட்டியோ தட்டோட்டின் (மாடித் தரையில் பதிக்கும் தட்டையான ஓடு) அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளத்துக்குள்ளோ பல அடி தூரம் நகர்ந்து, வழி கிடைத்த இடத்தில் சொட்டும். வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, மேடான பகுதியை நோக்கி நடந்து தேட வேண்டும்.

மொட்டை மாடி: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 9,300 லிட்டர். புயல் கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் வரும் நாட்களில் ஒரே நாளில் இந்த அளவைக் காண்பது நம் பக்கத்தில் புதிதில்லை. மழைநீர்க் குழாயின் வாயை ஒரு பிளாஸ்டிக் பையும் நான்கு மாவிலையும் அடைத்துக்கொண்டு, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால், தளத்தின் மேல் ஏறும் கூடுதல் எடை சுமார் 4,700 கிலோ. ஆகவே முதல் வேலை பூச்சு அல்ல, துடைப்பம். மாடியில் கிடக்கும் உடைந்த நாற்காலி, பழைய செங்கல், மிஞ்சிய மணல், காய்ந்த பூந்தொட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பெருக்குங்கள். மணல் மூட்டை இருந்த இடத்தில் தளம் பச்சையாகப் பாசி படிந்து, தட்டோட்டின் இணைப்புகள் அரித்துப் போயிருக்கும். அந்த இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வாட்டம். நல்ல வாட்டம் என்பது பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குல இறக்கம். ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். அதைவிட எளியது, நான்கு குடம் தண்ணீரை மேட்டுப் பக்கம் ஊற்றிவிட்டு அது போகும் வழியைப் பார்ப்பது. பத்து நிமிடம் கழித்தும் எங்கே குளம் கட்டி நிற்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். நான்கு அங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 500 சதுர அடி மாடிக்குப் போதும் என்பது என் அனுபவக் கணக்கு. அதற்கு மேல் பரப்பு இருந்தால், கைப்பிடிச்சுவரில் தளமட்டத்திலிருந்து மூன்று அங்குல உயரத்தில் ஒரு உபரித் துளை விட்டு வைக்கச் சொல்வேன். குழாய் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அந்தத் துளை வழியாகத் தெருவில் விழுந்து உங்களுக்குத் தகவல் சொல்லும்.

மாடியும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலைதான் கசிவுக்குத் தாய்வீடு. வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. சுவர் தன் போக்கில் நிற்கிறது. இரண்டும் சேரும் கோட்டில் மயிரிழை விரிசல் விழுந்துவிடுகிறது. அந்தக் கோட்டை அரை அங்குலம் ஆழத்துக்குக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவிக் காயவிட்டு, சாந்தை மூலையில் சாய்வாக வைத்து உருட்டி முடிக்க வேண்டும். தளத்திலுள்ள மற்ற விரிசல்களையும் மேலோட்டமாகப் பூசாமல், வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் வெட்டித்தான் அடைக்க வேண்டும். கைப்பிடிச்சுவரின் தலைப்பகுதி மாடியை நோக்கிச் சாய்ந்திருந்தால், சுவரின் வெளிமுகத்தில் தண்ணீர் வழிந்து கறை விழாது.

அரசங்கன்றைப் பற்றி ஒரு வார்த்தை. பறவை எச்சத்திலிருந்து கைப்பிடிச்சுவரின் இடுக்கில் முளைத்த கன்று, பார்க்க இரண்டு இலையோடு நிற்கும். பிடுங்கினால் தண்டு கையோடு வந்துவிடும். வேர் உள்ளேயே இருந்து ஐந்தாறு மாதத்தில் மூன்று கிளையாகத் திரும்ப வரும். அந்த இடத்தில் இரண்டு செங்கலைப் பெயர்த்தெடுத்து, நூல் போல ஓடியிருக்கும் வேரை முடிந்த மட்டும் உருவிவிட்டு, பிறகு கட்ட வேண்டும். சாமி மரம் என்று தயங்குகிறவர்கள், ஆடியிலேயே அதை எடுத்து ஏரிக்கரையில் நட்டுவிடலாம்.

கான்கிரீட் தளம் நல்ல நிலையில் இருந்தால், குழாய்களை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வைத்துச் சோதிக்கலாம். கம்பி வெளியே தெரியும் தளத்திலும், பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்திலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

குடியாத்தம், ஆற்காடு, வாலாஜாபேட்டை, வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய தெருக்கள் ஆகிய இடங்களில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்காக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம் அது. எங்கள் வீடும் அப்படிப்பட்டதுதான். 2014இல் ஒழுகத் தொடங்கியபோது, அவசரத்தில் நான் ஒரு மேஸ்திரியை அழைத்து, அவர் சொன்னபடி தட்டோட்டின் மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் காரை போட்டேன். வழவழவென்று புதிதாகத் தெரிந்தது. 2015 மழையில் அந்தக் காரை கட்டங்கட்டமாக வெடித்தது. விரிசலில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகிப் போக வழியில்லாமல் சுண்ணாம்புத் தளத்துக்குள் தேங்கி, கட்டைகளின் நுனியை ஊறவைத்தது. கூடத்தில் படுத்திருந்த அப்பாவின் கட்டில் மேல், நள்ளிரவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு விழுந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்திருந்ததால் அது தலையணையில் விழுந்தது. மறுநாள் ஏணி போட்டுப் பார்த்தபோது, சுவருக்குள் போகும் கட்டையின் நுனியில் ஸ்குரூ டிரைவர் எதிர்ப்பே இல்லாமல் விரற்கடை அளவு இறங்கியது.

அன்று நான் கற்றது இதுதான்: சுண்ணாம்பு வீட்டைச் சுண்ணாம்பால்தான் பழுது பார்க்க வேண்டும். காரையை உடைத்தெடுத்து, தளத்தை ஒரு முழுக் கோடை காயவிட்டு, செங்கல் ஜல்லி ஏறக்குறைய இரண்டரைப் பங்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு என்று கலந்து அடித்து, தட்டோட்டைத் திரும்பப் பதித்தோம். அந்தச் செலவு சிமென்ட் காரையைவிட மூன்று மடங்கு ஆனது. அதற்குப் பிறகு ஒழுகவில்லை. இவ்வகை வீட்டில் இருப்பவர்கள், ஒவ்வோர் ஆவணியிலும் கட்டைகளின் நுனிகளைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்று ஒலித்தால் அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள்.

கடையில் வாங்கும் நீர்த்தடுப்புப் பூச்சு கான்கிரீட் தளத்துக்குப் பயன்படும். ஆனால் தளம் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். முதல் பூச்சை நீளவாக்கில் அடித்து, அது காய்ந்ததும் இரண்டாவதைக் குறுக்கே அடிக்க வேண்டும். மூலைகளிலும் விரிசல்களின் மேலும் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு, கார்த்திகையில் கொப்பளமாக எழும்பி உரியும்.

ஓட்டு வீடும் ஷீட் வீடும்

நாட்டு ஓட்டு வீட்டில் ஓடு மாற்றுவதை ஆடிக்குப் பிறகு தள்ளிப்போட வேண்டாம். குரங்குத் தொல்லை உள்ள மலையடிவாரங்களில் ஓடு உடைவதைவிட நகர்வதே அதிகம். ஓட்டின் மேல் ஓடு போதிய அளவு ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க வேண்டும். முகட்டு ஓடுகளின் சாந்து உதிர்ந்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். கூரை விளிம்பான இறவாணத்துக் கழிகளில் கரையான் மண் தெரிகிறதா என்று பாருங்கள்.

சிமென்ட் ஷீட் கூரையில் ஒழுகல் பெரும்பாலும் கொக்கி போல்ட் இறங்கும் துளையில்தான் இருக்கும். வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். வாஷரை மாற்றினால் போதும். ஷீட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்காமல், அடியில் சட்டம் ஓடும் கோட்டில் பலகை போட்டு அதன் மேல் ஏறுங்கள். மழையில் நனைந்த பழைய ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. கல்நார் கலந்த ஷீட்டை உலர்ந்த நிலையில் அறுப்பதும் துளைப்பதும் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்ய வேண்டும். ஷீட் பறக்காமல் இருக்கக் கல் தூக்கி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் போல ஒரு காற்று வந்தால் அந்தக் கல்லே முதலில் உருண்டு தெருவில் போகிறவர் மேல் விழும்.

சுவரும் அடித்தளமும்

மண் சுவரும், மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவரும் காய்ந்திருக்கும் வரை கல் போல நிற்கும். அடிப்பகுதி ஊறினால் எச்சரிக்கை அதிகம் கொடுக்காமல் இடியும். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருப்பது, மூலையில் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் பிளவு விட்டிருப்பது, நேற்று வரை மூடிய கதவு இன்று நிலையில் இடிப்பது, அடியிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டுவது ஆகியவை அடையாளங்கள். பிளவு பெருகுகிறதா என்று தெரிய, அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். அந்த வீட்டை அந்த மழைக்காலத்துக்கு விட்டு வெளியேறுவதைத் தவிர வேறு எந்த வைத்தியமும் போதாது. பக்கத்து வீட்டின் பாழடைந்த சுவர் உங்கள் வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான்; கூச்சப்படாமல் உரியவரிடம் பேசி, கேட்காவிட்டால் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதிக் கொடுத்து, மழைக்கு முன் இறக்கிவிடச் செய்யுங்கள்.

சுவரின் அடியில் தண்ணீர் நிற்காமல் இருக்க, வீட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்வாகத் தளம் போடுவது நல்லது. கூரையிலிருந்து விழும் தண்ணீர் நேராக அடித்தளத்தின் பக்கத்தில் குழி பறித்தால், அந்த இடத்தில் கல்லைப் பரப்புங்கள். ஓதம் ஏறிய சுவரில் சிமென்ட் பூச்சும் பளபளப்பான பெயின்ட்டும் அடித்தால், ஈரம் இன்னும் உயரே ஏறும். பூச்சைச் சொறிந்து செங்கலைக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் அடிப்பதே சரி. பூச்சுக்குக் கலக்கும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை, தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய இடங்களில் போர்வெல் தண்ணீரைக் கலந்து பூசினால், சுவர் ஆண்டுக்காண்டு உப்பைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

சன்ஷேடின் அடிவிளிம்பில் விரல் கனத்துக்கு ஒரு காடி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தண்ணீர் சுவருக்குத் திரும்பி வராமல் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளலாம், அரை நாள் வேலைதான்.

வீடு எங்கே இருக்கிறது என்பதும் கேள்விதான். ஏரி உள்வாயிலும் ஓடைப் புறம்போக்கை ஒட்டியும் மனைப் பிரிவுகள் வந்துவிட்டன. முப்பது ஆண்டுகளாகத் தண்ணீர் வராத ஓடையும், ஏரி ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் ஆண்டில் தன் பழைய தடத்தைத் தேடி வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தில் உங்கள் மனைக்கு அருகே ஓடை இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்கள், மேலிருந்து செம்மண் கலங்கலான தண்ணீர் திடீரென்று வந்தாலோ, பாறையின் அடியில் மண் அரிக்கப்பட்டுத் தெரிந்தாலோ, இரவு வரை காத்திருக்கக் கூடாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, திருவண்ணாமலை மலைச்சரிவு வீட்டின் மேல் இறங்கியதில் 7 பேர் இறந்தார்கள்.

தொட்டி, கிணறு, மழைநீர்க் குழி

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெரும்பாலான வீடுகளில் குழி இருக்கிறது. ஆனால் அதிலுள்ள மணலும் ஜல்லியும் சேறு ஏறி இறுகிக் கிடக்கின்றன. மேல் மணலை ஓரடி ஆழத்துக்கு எடுத்து, அலசியோ மாற்றியோ போட வேண்டும். முதல் இரண்டு மழையின் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு குழிக்குத் திருப்புங்கள். இது பாலாற்றுப் படுகையில் வாழும் நாம் நமக்கே செய்துகொள்ளும் உதவி. மாடியில் விழும் அந்த 9,300 லிட்டரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டுச் சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைப்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

நிலத்தடித் தொட்டியின் மூடி தரைமட்டத்தைவிட அரையடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தெருத் தண்ணீர் உள்ளே போகும். சுத்தம் செய்ய இறங்கும் முன் மூடியை நீண்ட நேரம் திறந்து வைத்துக் காற்று மாறவிட்டு, மேலே ஒருவர் நிற்க, இடுப்பில் கயிறோடு இறங்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்காதீர்கள். அதை இயந்திர வண்டி வைத்தே உறிஞ்ச வேண்டும். குடிநீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

மின்சாரம்

ஈரச் சுவரில் கை வைத்தால் சுர்ரென்று இழுப்பது சின்ன விஷயம் அல்ல. அந்த வீட்டில் எங்கோ மின்கம்பியின் உறை கிழிந்திருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தாத வீடுகள் இந்த ஆண்டாவது பொருத்த வேண்டும். பொருத்தியவர்கள் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் கம்பியின் பிடிப்புத் துருப்பிடித்திருக்கிறதா, மீட்டர் பெட்டியில் சாரல் அடிக்கிறதா, கம்பத்திலிருந்து வரும் ஒயர் மரக்கிளையில் உரசுகிறதா என்பதைப் பார்த்து, கிளை வெட்டுவதை மின்வாரிய ஆட்களிடம் விடுங்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மின்சாரப் புகாருக்கான 94987 94987 என்ற மின்னக எண்ணையும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் மெயின் சுவிட்சுப் பலகைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

வீட்டுக்குள்: குளிர், காய்ச்சல், விஷ ஜந்து

மார்கழி, தை விடியற்காலைகளில் வேலூரில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் இன்னும் குளிரும். வெயிலுக்காகக் கட்டிய வீட்டில் சிமென்ட் தரையின் சில்லிப்புதான் வயதானவர்களை முதலில் தாக்கும். அவர்களைக் கட்டிலில் படுக்க வையுங்கள். இடமில்லையென்றால் பாயின் அடியில் பழைய போர்வையோ சாக்கோ இரண்டு மடிப்புப் போடுங்கள். இரவில் வடக்கு, கிழக்குச் சன்னல்களை மூடினாலும், தென்பக்கம் ஒரு கையகலமாவது திறந்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் கதகதப்பாக இருக்கட்டும் என்று கரிக்கங்குச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சாம்பிராணி போட்ட பிறகு கங்குச் சட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

மெத்தை, கம்பளி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் புரட்டாசி வெயிலில் இரண்டு நாள் முழுதாகக் காயவையுங்கள். அரிசி, பருப்பு, கேழ்வரகையும் அப்படியே காயவைத்து, ஆறவிட்டு, காய்ந்த வேப்பிலையோடு மூடி வைத்தால் தை வரை வண்டு விழாது. மூட்டைகளைச் சுவரோடு ஒட்டாமல் பலகை மேல் வையுங்கள். மரக்கதவுகள் மழையில் உப்பும். உடனே இழைப்புளி போட்டு இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி விழும். ஆகவே இப்போதே கதவின் அடிவிளிம்புக்கும் தலைவிளிம்புக்கும் எண்ணெயோ வார்னிஷோ பூசி வைப்பது நல்லது. கதவை இழைத்துப் பழகியவர்கள்கூட அந்த இரண்டு விளிம்புகளை மறந்துவிடுவார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியிலுள்ள பழைய டயர், ஆட்டுக்கல் குழி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுங்கள். நம் மாவட்டத்தில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இன்னொரு காய்ச்சலும் அதிகம்: ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. வீட்டைச் சுற்றியுள்ள புதரை ஐப்பசிக்கு முன் வெட்டிவிடுங்கள். காய்ச்சல் விடாமல் இருந்து, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு தெரிந்தால், அதை மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள். காலத்தில் கண்டால் மாத்திரையில் குணமாகும் நோய் இது.

வளைகளில் தண்ணீர் புகுந்ததும் எலி வீட்டுக்கு வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்து, குளியலறைத் தண்ணீர்த் துவாரத்துக்குச் சல்லடை போட்டு, விறகையும் எருமுட்டையையும் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. வலி அதிகம் இல்லாததால் தெரியாமலே போய்விடும். கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுத்தால் கொசு, பாம்பு இரண்டுக்கும் காப்பு.

மழை பிடித்துக்கொண்ட பிறகு

புயல் எச்சரிக்கை வந்தால் மாடிக் குழாயின் வாயை மீண்டும் ஒரு முறை பாருங்கள். பட்டா, ரேஷன் அட்டை, ஆதார், சான்றிதழ்களை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். மூன்று நாளுக்குக் குடிநீர், கூடுதல் சிலிண்டர், தொடர்ந்து சாப்பிடும் மருந்துகள், சார்ஜ் ஏற்றிய விளக்கு ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் வாசல்படியைத் தொட்டால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அடைமழை விட்டு வெயில் அடிக்கும் முதல் நாளிலும் மண் சுவர் வீட்டில் கவனம் தேவை. ஊறிய சுவர் காயும்போதும் இடிந்து விழுவதுண்டு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மார்கழியில் சுவருக்குள் ஈரம் இன்னும் இருக்கும். பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் மாசி வரை பொறுங்கள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் தாராளமாக அடிக்கலாம். எதுவாக இருந்தாலும் வெள்ளையடிக்கும் மட்டையைத் தொட்டியில் நனைக்கும் முன், சுவர்களில் தேதியோடு போட்டு வைத்த பென்சில் கோடுகளை ஒரு நோட்டில் அறைவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆவணியில் கொத்தனார் வந்து எங்கே ஒழுகுகிறது என்று கேட்கும்போது, அந்த நோட்டை அவர் கையில் கொடுக்கலாம்.